ஆர்த்தி அழவில்லை

விழுப்புரம்
8.7.2025

ஆர்த்தியின் அப்பாவுக்கு,

நான்கு வருடமாக நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. உங்கள் நம்பரை என் போனில் பிளாக் செய்ததும், சொல்ல வேண்டியதை எழுதிப் போடச் சொன்னதும் நான்தான். அதனால் நானும் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கலெக்டர் ஆபீஸ் பெருந்திட்ட வளாகத்துக்கு எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில்தான் இன்னும் வேலை. பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று நாள் முழுக்க யாருக்காவது மனு டைப் அடிக்கிறேன். ஆர்த்தி பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இப்போது நான்காம் வகுப்பு.

நேற்று சாயங்காலம் கடைக்காரர் இளவரசி அக்கா போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏ சுப்ரியா, இது உன் ஊட்டுக்காரரு தானே? கழுத்துல கார்டு மாட்டிக்கினு பேசுறாரு பாரு" என்று என் பக்கம் திருப்பினார்.

நீங்கள்தான். பின்னால் பெரிய பேனர். மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் சேர்த்துச் சிகிச்சை தருவது பற்றி மாநில மாநாடு என்று போட்டிருந்தது. எட்டு நிமிடம் பேசினீர்கள். ஆறு வருடத்துக்கு முன்னால், காதில் குரல் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், குடித்துவிட்டு மூன்று வயது மகளைத் திருவண்ணாமலை பஸ்ஸில் விட்டுவிட்டுச் செஞ்சியில் இறங்கிப் போனதைச் சொன்னீர்கள். திரும்பிப் பார்த்தபோது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று அழுததாகச் சொன்னீர்கள். அங்கே நிறுத்தினீர்கள். பிறகு, "என் மகள் பெயர் ஆர்த்தி" என்றீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

இளவரசி அக்காவின் கையிலிருந்து நான் போனை வாங்குவதற்குள் ஆர்த்தி என் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

அவளுக்கு அந்தப் பஸ் விஷயம் அதுவரை தெரியாது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, திண்டிவனத்தில் இருக்கிறார் என்று மட்டும்தான் சொல்லி வளர்த்தேன்.  வீட்டுக்குப் போனதும் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள்.

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம் வராமலேயே கேட்கிறேன். அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சுப்ரியா


திண்டிவனம்
11.7.2025

சுப்ரியாவுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்தபோது வார்டில் காலை மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். பையில் வைத்துக்கொண்டு மதியம் வரை பிரிக்கவில்லை. நல்ல சேதியாக இருக்கும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி அன்றைக்கே எங்கள் டாக்டர் பிரவீன்குமாரிடம் கேட்டேன். மாநாட்டுக்காரர்களுக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அவள் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. அது தப்பு.

ஆனால் நான் ஏன் பேசுகிறேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நீதானே என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தாய். மனநோய் பார்க்கிற இடத்தில், "முதல்ல குடிய நிறுத்திட்டு வாங்க" என்றார்கள். குடியை நிறுத்துகிற இடத்தில், "காதுல குரல் கேக்குதுன்னா இங்க சேக்க முடியாது, அதை முதல்ல பாருங்க" என்றார்கள். குரல் அடங்கத்தான் நான் குடித்தேன். குடித்தால் மறுநாள் குரல் இன்னும் பலமாகக் கேட்டது. இதை எந்த மேஜையில் சொன்னாலும் எதிரில் இருந்தவர் பாதிதான் எழுதிக்கொண்டார். இங்கே ஒரே டாக்டர் இரண்டையும் பார்க்கிறார். ஒரே சீட்டில் எழுதுகிறார். இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது, தொடவில்லை. மாத்திரையும் விடவில்லை. இப்போது இங்கேயே உடனிருப்பவனாக வேலை. புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான் வேலை.

அந்த மாநாட்டில் டாக்டர்களும் நர்சுகளும் நானூறு பேர் இருந்தார்கள். நான் பேசி முடித்ததும் ஒரு நர்ஸ் வந்து, "இனிமே இப்படி வர்றவங்கள நான் திருப்பி அனுப்ப மாட்டேன் சார்" என்றார். என்னைச் சார் என்று கூப்பிட்டார், சுப்ரியா.

செப்டம்பரில் புதுச்சேரியில் இன்னொரு மாநாடு இருக்கிறது. இந்த முறை குடும்பத்தோடு ஓர் அமர்வு. உன்னையும் அழைக்கச் சொன்னார்கள். பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். யோசித்துச் சொல்.

ஆர்த்தி என்ன கேட்டாள்?

ஜீவராஜ்


விழுப்புரம்
15.7.2025

ஆர்த்தியின் அப்பாவுக்கு,

வர மாட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை.

ஆர்த்தி என்ன கேட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டாள். தலை வாரிக்கொண்டிருந்தேன். "நான் அழுதேனாம்மா?" என்றாள்.

இல்லை என்றேன். அதுதான் உண்மை. அவள் அழவில்லை. திருவண்ணாமலை போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் போனபோது கண்டக்டர் பெரியதம்பி அங்கேயே காத்திருந்தார். டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்தார். அவர் என்னிடம் சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. "செஞ்சிக்கு முன்னாலருந்தே மல்லாட்டை மூட்டை மேல சாஞ்சிக்கினு தூங்கிக்கினு இருந்துச்சும்மா. தனியா இருக்குதுன்னு ஸ்டாண்டுல எல்லாரும் எறங்கின பொறவுதான் பார்த்தேன். எழுப்பினா, அப்பா எங்கன்னு கேட்டுச்சு. அழுவல. பிஸ்கெட் குடுத்தேன், துண்ணுச்சு." நீங்கள் செஞ்சியில் இறங்கும்போது அவள் அந்தக் கடலை மூட்டை மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் அவள் இல்லை. நீங்கள் திரும்பிப் பார்த்திருக்கவும் மாட்டீர்கள்.

அழுகையை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள்.

தூங்கினாய் என்று சொன்னதும் அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவள், "தூங்குனதாலதான் உட்டுட்டாரா?" என்றாள். அன்றிலிருந்து டவுன் பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டேன் என்கிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருகிறாள். பத்து நிமிடப் பயணம்தான். அதற்குள் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

நான் அவளைப் பார்த்தபடி நிற்கிறேன். அழ வேண்டும் என்று தெரிகிறது. வரவில்லை.

சுப்ரியா


திண்டிவனம்
20.7.2025

சுப்ரியாவுக்கு,

ஆமாம். சேர்த்தேன்.

எப்போது சேர்த்தேன் என்றுகூடத் தெரியும். முதல் மாநாடு சென்னையில். அன்றைக்கு நடந்ததை நடந்தபடி சொன்னேன். பஸ் ஏறினோம், செஞ்சியில் ஒரு குரல் இறங்கு என்றது, இறங்கினேன், அவ்வளவுதான் நினைவு என்றேன். அதுதான் எனக்கு நிஜமாகவே நினைவிருப்பது. முன் வரிசையில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் சமோசா வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்தார். இரண்டாவது தடவை பேசும்போது அந்த இடம் வந்ததும் வாய் தானாக, "ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்" என்றது. ஹால் முழுக்க நிமிர்ந்தது. ஒரு பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாவது தடவை அது எனக்கே நினைவாகிவிட்டது. இப்போது கண்ணை மூடினால் அவள் அழுவது தெரிகிறது. நீ எழுதிய பிறகும் தெரிகிறது.

ஆறேழு வருடம் நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வாங்கினார்கள் என்றதும் நான் நிறுத்தவில்லை. வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

வீடியோவை இன்னும் எடுக்கவில்லை. நிறைய பேர் பார்க்கிறார்களாம், அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டார்களாம். பிரவீன்குமார் டாக்டரும் நேற்று, "ஜீவா, அதுதான் உங்க பேச்சுல உயிரு. பேரை மட்டும் எடுத்துட்டா போதாதா?" என்றார். போதாது சார், முழுசும் எடுக்கணும் என்றேன். அவர் நல்லவர். என்னை மனிதனாக்கினவர். அவரை எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை.  

ஆர்த்தி கேட்டதற்கு, தூங்கினதால் இல்லை என்று சொல். அப்பாவுக்குத் தலையில் நோய் இருந்தது, அதற்கு மேல் குடித்திருந்தார், அவள் விழித்திருந்தாலும் இறங்கியிருப்பார் என்று சொல். அந்தப் பாவம் முழுக்க என்னுடையது, யாருக்கும் அதில் பங்கில்லை என்று சொல்.

ஜீவராஜ்


விழுப்புரம்
9.8.2025

ஆர்த்தியின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியதில் கடைசி வரியைத் தவிர மற்றதை அவளிடம் சொன்னேன். கடைசி வரியைச் சொல்ல முடியவில்லை. அது பொய்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. போலீசில் எழுதிக் கொடுத்த புகாரில் இல்லை. உங்கள் அம்மா பத்மாம்பாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் சொல்லவில்லை.

அன்றைக்கு நீங்களாக அவளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நான்தான் அனுப்பினேன்.

மூன்று நாளாக நீங்கள் தூங்கவில்லை. நீங்கள் தூங்காததால் நானும் தூங்கவில்லை. காலை பத்து மணிக்கே குடித்திருந்தீர்கள். சமையல்கட்டுக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். "இதுங்க ரொம்ப பேஜாரு பண்ணுதுங்க சுப்ரியா, சொன்னா கேக்க மாட்டேங்குதுங்க" என்றீர்கள். எனக்கு எல்லாம் தெரிந்தது. வாசனை தெரிந்தது. உங்கள் கண் எங்கே பார்க்கிறது என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே ஆர்த்திக்கு மஞ்சள் கவுன் போட்டேன். பொட்டு வைத்தேன். அவள் கையைப் பிடித்து உங்கள் கையில் கொடுத்தேன். "ஜல்தியா கெளம்புங்க, வல்லம் போய் அம்மாவைப் பார்த்துட்டு சாயங்காலமா வாங்க" என்றேன். நீங்கள் ஏறியது வல்லம் போகிற பஸ்ஸா என்றுகூடப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினேன்.

எனக்கு இரண்டு மணி நேரம் தூக்கம் வேண்டியிருந்தது. அதற்காக அனுப்பினேன்.

நாலரை மணி வரை தூங்கினேன். போலீஸ் போன் வந்துதான் எழுந்தேன். கனவே இல்லாத தூக்கம். அதற்குப் பிறகு இந்த ஆறு வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை. ராத்திரி படுப்பேன், கண் மூடியிருக்கும், அவ்வளவுதான். அழுகையும் அன்றோடு நின்றது. ஸ்டேஷனில் அவளைத் தூக்கியபோது எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் அழவில்லை. பெண் போலீஸ் ஒருவர், "ஷாக்ல இருக்காங்க" என்றார். ஷாக் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை.

நீங்கள் மேடையில் அதைச் சொல்கிறீர்கள். மன்னித்துவிட்ட மாதிரி கை தட்டுகிறார்கள். நான் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு அதைப் பார்த்தேன். அதில் என் பங்கு எங்கேயும் இல்லை.

இதைப் படித்துவிட்டு எனக்கு ஆறுதல் எழுதாதீர்கள்.

சுப்ரியா


திண்டிவனம்
16.9.2025

சுப்ரியாவுக்கு,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் மேடையில் பேசுகிற மாதிரியே வந்தது. கிழித்துப் போட்டேன். நடுவில் சில நாள் குரல் லேசாகக் கேட்டது. மறைக்காமல் டாக்டரிடம் சொன்னேன். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். குடிக்கவில்லை.

நீ அவள் கையை என் கையில் கொடுத்தது எனக்கு நினைவே இல்லை. மஞ்சள் கவுனும் நினைவில்லை. ஆறுதல் எழுதாதே என்றாய். எழுதவில்லை. எழுத எனக்குத் தகுதியும் இல்லை.

வீடியோவை எடுத்துவிட்டார்கள். நானே தேடிப் பார்த்தேன், இல்லை.

போன சனி, ஞாயிறு புதுச்சேரி மாநாடு. முந்தின வாரமே டாக்டரிடம், "நான் பேசல சார்" என்றேன்.

"ஏன் ஜீவா? நிகழ்ச்சி நிரல்ல பேர் போட்டாச்சே."

"அது என் பொண்ணோட விஷயம் சார். அவளைக் கேக்காம சொல்லிக்கினு இருந்தேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நானும்தான் கேக்கல" என்றார். "இருந்தாலும் வாங்க. சும்மா உக்காந்து கேளுங்க."

போனேன். என் இடத்தில் கடலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் பேசினார். அவரும் ஓர் இடத்தில் நிறுத்தினார். அந்த இடம் எப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இரண்டாம் நாள் மதியம் வயதான பெண் டாக்டர் ஒருவர் பேச வந்தார். பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர் கதை ஒன்றும் சொல்லவில்லை. "நோயாளியோட ஒருத்தர் கூட வர்றாங்க இல்ல, அவங்களுக்கும் ஒரு சீட்டு போடுங்க. அவங்க உங்ககிட்ட நோயாளியப் பத்தி மட்டும்தான் சொல்லுவாங்க. நீங்க அவங்களப் பத்திக் கேளுங்க" என்றார். எத்தனை மணி நேரம் தூங்குறீங்க, கடைசியா எப்போ அழுதீங்க, உங்களுக்கு உடம்பு முடியலன்னா யார் கூட்டிக்கினு போவாங்க என்று சில கேள்விகள் சொன்னார். அங்கே கொடுத்த நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டு, எதிரில் உனக்கான பதிலைப் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டுக்கு நீ போன கடிதத்தில் எழுதியதை வைத்துப் போட்டேன். மூன்றாவதற்கு ஒன்றும் போட முடியவில்லை. உன்னோடு ஆறு வருடம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன்.

என்னை எத்தனை ஓ.பி.க்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பாய். அந்தப் பெஞ்சில் நீயும் உட்கார்ந்திருந்தாய். ஒருத்தர்கூட உன்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இதற்குப் பதில் எனக்கு எழுத வேண்டாம். கேட்கத் தெரிந்தவர் யாரிடமாவது சொல்.

ஜீவராஜ்


விழுப்புரம்
15.10.2025

ஆர்த்தியின் அப்பாவுக்கு,

நேற்று மனநல ஓ.பி.க்குப் போனேன். நீங்கள் சொன்னதால் என்று நினைக்க வேண்டாம். போன வாரம் ஒருவருடைய மனுவில் அவர் அப்பா பெயரை அடிக்க வேண்டிய இடத்தில் உங்கள் பெயரை அடித்துவிட்டேன். அவர் கவனித்துச் சொன்ன பிறகும் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. இளவரசி அக்கா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, "நீ இன்னாத்துக்குத்தான் இப்பிடிக் கெடந்து சாவுற? போய் ஒரு டாக்டரப் பாரு. நானே கூட்டிக்கினு போறேன்" என்றார். உங்கள் நோட்டில் காலியாக இருந்த இடத்தில் அவர் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். சின்ன வயது டாக்டரம்மா. உட்காரச் சொல்லி, "எப்படி இருக்கீங்க?" என்றார்.

"அவரு இப்ப குடிக்கிறதில்லீங்க மேடம். திண்டிவனத்துல இருக்காரு. ரெண்டே முக்கா வருஷம் ஆவுது. மாத்திர கரெக்டா போடுறாரு" என்றேன்.

"அவரு யாரு?"

"என் ஊட்டுக்காரரு."

"அவரைக் கேக்கலம்மா. சீட்டுல உங்க பேருதான் இருக்கு."

 என்னைப் பற்றி எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் அவசரப்படுத்தவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். உங்களுக்கு எழுதியதையே அவருக்கும் சொன்னேன். நான்தான் அனுப்பினேன், தூங்குவதற்காக அனுப்பினேன் என்றேன். அவர் ஐயோ என்று சொல்லவில்லை. உங்கள் தப்பு இல்லை என்றும் சொல்லவில்லை. எழுதினார். "அதுக்கு முன்னாடி எத்தனை நாளா தூங்கல?" என்றார். மூன்று நாள் என்றேன். "அதுக்கும் முன்னாடி?" என்றார். எண்ணிப் பார்த்தேன். ஆர்த்தி பிறந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

காலைக்கு ஒரு மாத்திரை, ராத்திரிக்கு ஒன்று. இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மாத்திரை உடனே கேட்காது என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அழவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் ஆர்த்தியிடம் சொன்னேன். அன்றைக்கு உன்னை அப்பாவோடு அனுப்பி வைத்தது நான்தான், அவருக்கு முடியவில்லை என்று தெரிந்தேதான் அனுப்பினேன் என்றேன். நோட்டுக்கு மார்ஜின் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கேலை எடுக்காமல், "அப்ப ரெண்டு பேருமா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"சரி" என்றாள். அந்தப் பக்கம் முழுக்கக் கோடு போட்டு முடித்தாள். பிறகு, "அப்பாகிட்ட நானே ஒண்ணு கேக்கணும். போன்ல வேணாம்" என்றாள். என்ன என்று கேட்டேன். சொல்லவில்லை.

தீபாவளி முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, இருபத்தாறாம் தேதி, காலை பத்து மணிக்கு வாருங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். நான் உங்களைச் சேர்த்துக்கொள்வதற்காக அழைக்கிறேன் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். அவள் கேட்கிறாள், அதனால் அழைக்கிறேன்.

அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியாது. பதிலை எழுதி வைத்துக்கொண்டு வராதீர்கள்.

சுப்ரியா